பெயர் தெரியாத செடிக்குக் கணுவே சாட்சி

சென்னையில் வீட்டுச் செடிகள் பெரும்பாலும் பெயரோடு வந்து சேர்வதில்லை. தள்ளுவண்டிச் செடிக்காரர் எதைக் கேட்டாலும் 'ஷோ செடி' என்பார். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு ஒரு கன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். மாடி வீட்டு அம்மா கிள்ளிக் கொடுத்த கிளை ஒன்று தண்ணீர் பாட்டிலில் வேர் விட்டிருக்கும். ஆறு மாதத்தில் பால்கனி நிறைந்துவிடும். பாதிச் செடிகளுக்கு என்ன பெயரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெயரைத் தேடத் தொடங்கும்போது எல்லாரும் இலையைத்தான் பார்க்கிறார்கள். இதய வடிவமா, ஈட்டி வடிவமா, மஞ்சள் புள்ளி இருக்கிறதா, ஓரம் வெள்ளையா என்று. இயல்பான பழக்கம்தான், ஆனால் வீட்டுச் செடி விஷயத்தில் நம்மைத் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்வதும் அதுவே.

தாவரவியலாளர்கள் இலையை இரண்டாம் இடத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை வகை பிரித்தபோது பூவின் மகரந்தத்தாள்களையும் சூலகங்களையும் எண்ணித்தான் பிரித்தார். அவருடைய கணக்கு முறை பிற்பாடு கைவிடப்பட்டது. பூவுக்குக் கொடுத்த மதிப்பு மட்டும் இன்றுவரை குறையவில்லை. வெயிலில் வளர்ந்தாலும் நிழலில் வளர்ந்தாலும் செம்பருத்திக்கு ஐந்து இதழ், நடுவே குழாயாக ஒட்டிய மகரந்தத்தாள்கள் என்ற அமைப்பு மாறாது. இலையோ இடத்துக்குத் தக்கபடி வளையும். வெயிலில் சிறுத்துத் தடிக்கும், நிழலில் அகன்று மெலியும், வெளிச்சம் போதாவிட்டால் கோலத்தையும் வண்ணத்தையும் இழந்து வெறும் பச்சையாகும்.

சிக்கல் என்னவென்றால், வீட்டுச் செடி பூப்பதே அபூர்வம். நாம் வீட்டுக்குள் வளர்ப்பவற்றில் பல, வெப்பமண்டலக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்பவை. வரவேற்பறை மூலையிலும் அவை தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் பூக்கும் அளவுக்கு வெளிச்சமோ வயதோ அங்கே அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு மணி பிளான்ட்டை விடச் சரியான சான்று வேறில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா தீவு அதன் சொந்த ஊர். 1880-இல் அதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தபோது போதோஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பில், சேர்த்தார்கள். பிறகு சிண்டாப்சஸ் ஆனது, ராஃபிடோஃபோரா ஆனது. 1960களின் தொடக்கத்தில் அரிதாக ஒரு பூ கிடைத்து, அதைப் பரிசோதித்த பிறகுதான் எபிப்ரெம்னம் என்ற இப்போதைய பேரினத்துக்கு வந்தது. அது ஏன் பூப்பதே இல்லை என்பதற்கு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கத் தேவையான ஒரு மரபணு இந்தச் செடியில் சரிவர இயங்குவதில்லை. வெளியிலிருந்து ஜிப்ரலின் கொடுத்தபோது பூத்தது.

அதன் இலை செய்யும் மாயம் வேறு. தொட்டியில் தொங்கும்போது உள்ளங்கை அளவுதான். அதே கொடி தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி ஏறினால் இலை இரண்டடி நீளம் வரை வளர்ந்து, ஓரங்கள் பிளந்து நிற்கும். அதைப் பார்த்து, பிளந்த இலைகளுக்குப் பேர்போன மான்ஸ்டெரா என்ற வேறு செடி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தொட்டிச் செடியின் இலையை வைத்துப் பெயர் தேடுவது, ஒருவருடைய ஐந்து வயதுப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வயதுக்காரரைத் தேடுவது போன்றது.

பூவும் இல்லை, இலையையும் நம்ப முடியாது என்றால் எதைப் பார்ப்பது? இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதாவது கணு.

கணுவை ஏன் நம்பலாம் என்பது இலை பிறக்கும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தளிரின் நுனியிலும், மில்லிமீட்டரில் ஒரு பங்கே அகலமுள்ள ஆக்குத்திசு, அதாவது புதிய செல்களை உருவாக்கும் திசு, ஒன்று உண்டு. அடுத்த இலை எங்கே முளைக்க வேண்டும் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆக்சின் என்ற ஹார்மோனை அந்தத் திசுவின் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகின்றன. எந்தப் புள்ளியில் அது குவிகிறதோ அங்கே இலையின் கரு எழும்புகிறது. எழும்பும் கரு சுற்றுப்புறத்து ஆக்சினை இழுத்துக்கொள்வதால் பக்கத்திலேயே இன்னொன்று எழ முடியாது. அடுத்தது தள்ளித்தான் வரும். இப்படித் தள்ளித் தள்ளி வந்து பல செடிகளில் இலைகள் சுமார் 137.5 பாகை இடைவெளியில் சுருளாக அமைகின்றன. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நேரத்தில் இரண்டு குவிந்தால், துளசியிலும் மல்லிகையிலும் காண்பதுபோல எதிரிலைகள் அமைகின்றன. வெளிச்சமும் நீரும் உரமும் இலையின் அளவை மாற்றுவதெல்லாம் பெரும்பாலும் இதற்குப் பிறகு நடக்கும் விரிவில்தான். துளசியை எத்தனை இருட்டில் வைத்தாலும் இலைக்கு எதிரே இலை வருவதும், தண்டு நான்கு பட்டையாக இருப்பதும் மாறாது. கற்பூரவல்லிக்கும் அதே நான்கு பட்டைத் தண்டு, அதே எதிரிலை. இரண்டும் ஒரே குடும்பம்.

கணுவைப் படிக்கக் கற்றுக்கொள்ள அடுக்களையே போதும். ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலையை, முடிந்தால் செடியில் இருக்கும்போதே, எடுத்துப் பாருங்கள். ஈர்க்கு தண்டோடு சேரும் இடுக்கில் ஊசிமுனை அளவு பச்சை மொட்டு ஒன்று தெரியும். ஈர்க்கில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு 'இலை'யின் அடியிலும் தேடுங்கள், மொட்டு கிடையாது. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது. எனவே அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை, மற்றவை சிற்றிலைகள். இப்போது ஒரு சிற்றிலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோல ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், வாசனை வருவது அங்கிருந்துதான். எலுமிச்சை, நார்த்தை, வில்வம் எல்லாவற்றிலும் இந்தப் புள்ளிகளைக் காணலாம். கறிவேப்பிலை அவற்றின் குடும்பம். பெயர் தெரியாத கன்றில் இப்படிப் புள்ளி தெரிந்து, கசக்கினால் வாசனையும் வந்தால், தேட வேண்டிய பரப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

இதே மொட்டுச் சோதனையை அலுவலக வரவேற்பறைகளில் பளபளவென்று நிற்கும் ஸீஸீ செடியிலும் செய்யலாம். மண்ணிலிருந்து தண்டுகள் கிளம்பி, அவற்றில் இலைகள் அடுக்கியதுபோலத் தோன்றும். எந்த 'இலை'யின் அடியிலும் மொட்டு இருக்காது. மண்ணிலிருந்து எழும் ஒவ்வொன்றும் ஒரு முழு இலை. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது.

ரப்பர் செடியில் கணு இன்னும் வெளிப்படையாகப் பேசும். நுனியில் சிவந்த கூர்மையான உறை ஒன்று புதிய இலையைப் பொதிந்திருக்கும். அது இலையடிச்செதில். இலை விரிந்ததும் உறை கழன்று விழும், விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரத் தழும்பு நிற்கும். தண்டை நகத்தால் கீறினால் வெள்ளைப் பால் கசியும். மோதிரத் தழும்பும் பாலும் சேர்ந்தால் ஆல், அரசு, அத்தி, பலா இருக்கும் குடும்பம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மொட்டை மாடிச் சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றிலும் அதே மோதிரத்தைக் காணலாம்.

நர்சரிகளில் 'மணி பிளான்ட்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு கொடிகளையும் கணுதான் பிரிக்கும். ஒன்று நாம் பார்த்த எபிப்ரெம்னம், மற்றொன்று இதய இலை ஃபிலோடென்ட்ரான். மணி பிளான்ட்டின் இலைக்காம்பில் மேற்புறம் ஒரு வாய்க்கால் ஓடும்; புதிய இலை முந்தைய இலையின் காம்பு மடிப்புக்குள்ளிருந்து சுருள் பிரிந்து வரும். ஃபிலோடென்ட்ரானில் புதிய இலைக்கென்று தனியாக ஒரு மெல்லிய உறை உண்டு. இலை வெளிவந்ததும் அது காய்ந்து சருகாகி உதிரும். புதிய இலை விடும் நாட்களில் கவனித்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

முள் செடிகளுக்கும் இதே கதைதான். 'கேக்டஸ்' என்று விற்கப்படுபவற்றில் சில கேக்டஸ் அல்ல, யூபோர்பியா. நம் சதுரக்கள்ளியும் யூபோர்பியாதான். வறட்சியைத் தாங்க வேண்டிய கட்டாயம் இரண்டு குடும்பங்களையும் தனித்தனியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது. கேக்டஸின் முட்கள் பஞ்சு போன்ற சிறு திட்டிலிருந்து கொத்தாக எழும். அந்தத் திட்டு உண்மையில் குறுகிப்போன ஒரு கிளை. யூபோர்பியாவில் அந்தத் திட்டு இருக்காது, முட்கள் பெரும்பாலும் இரட்டையாக நிற்கும், கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இந்த அடையாளங்களை வரிசைப்படுத்திக் கேள்விகளாக்கினால் தாவரவியலாளர்கள் பயன்படுத்தும் இருகிளைத் திறவுகோல் கிடைக்கும். எதிரிலையா, கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி வரும் மாற்றிலையா? பால் உண்டா, இல்லையா? 1778-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் பரவலாக்கிய முறை இது. ஒவ்வொரு கேள்வியும் பட்டியலைச் சரிபாதியாகப் பிரிக்குமானால் பத்தே கேள்விகளில் 1,024 செடிகளிலிருந்து ஒன்றை எட்டிவிடலாம். நடைமுறையில் அவ்வளவு சீராகப் பிரியாது. எனவே தவறவே முடியாத கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது.

இவ்வளவு எதற்கு, கைப்பேசியில் படம் எடுத்தால் செயலி சொல்லிவிடுமே என்று கேட்கலாம். செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன், அவை நல்ல துணை. ஆனால் அவை எப்படி முடிவு செய்கின்றன என்று தெரிந்தால்தான் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும். பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றுக்குப் பின்னால் இருப்பது, பெயரிடப்பட்ட ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பு என்ற கணினி நிரல். அது படத்திலுள்ள விளிம்பு, நிறம், இழையமைப்பு ஆகியவற்றின் கூட்டை, தான் பயின்ற படங்களோடு ஒப்பிட்டு, எந்தப் பெயருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று வரிசைப்படுத்துகிறது. தான் பயிலாத செடி வந்தாலும், பயின்றவற்றில் நெருங்கியதைத்தான் முன்வைக்கும். கசக்கி முகர அதனால் முடியாது, பால் வடிகிறதா என்றும் அதற்குத் தெரியாது.

ஆகவே அதற்குக் கணுவைக் காட்டுங்கள். முழுச் செடி, இலையின் அடிப்புறம், கணு, புதிய தளிர் என்று தனித்தனிப் படங்களாக, பின்னணியில் வேறு செடி வராமல், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வரும் விடைகளில் முதல் மூன்றும் ஒரே பேரினத்துக்குள் இருந்தால் பேரினத்தையாவது நம்பலாம். மூன்றும் மூன்று குடும்பங்களுக்குத் தாவினால் அது வெறும் ஊகம்.

மரபணுச் சோதனையும் உண்டு. நிலத் தாவரங்களை அடையாளம் காண ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுப் பகுதிகளை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று 2009-இல் பரிந்துரைக்கப்பட்டது. பால்கனிச் செடிக்கு அது தேவையில்லை. ஒரே இனத்தின் வண்ண வகைகளை அது பிரித்துக் காட்டவும் செய்யாது.

எந்த அளவுக்குப் பெயர் வேண்டும் என்பது எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. தண்ணீரும் வெளிச்சமும் எவ்வளவு என்று அறியப் பேரினம் போதும், பல நேரம் குடும்பமே போதும். மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, அக்லோனிமா, ஸீஸீ எல்லாம் சேப்பங்கிழங்கின் குடும்பம். சேம்பிலையைக் கையாளும்போது அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றிலும் உண்டு. குழந்தையோ நாயோ கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குடும்பம் தெரிந்தவுடனே தொட்டியை எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடலாம்.

வாயில் போடுவதற்கு மட்டும் சிற்றினம் வரை உறுதியாகத் தெரிய வேண்டும், இதில் எந்தச் சலுகையும் கூடாது. சென்னை வீடுகளில் ரணகள்ளி பரவலாக இருக்கிறது. இலையோரத்துப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் முளைப்பதால் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று சொல்லும் அதே செடிதான். மெட்ராஸ் அரசின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இதன் இலை காலையில் புளித்து நண்பகலில் சுவையற்றுப் போவதைக் கவனித்து எழுதினார். அது 1815-இல் அச்சானது. இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் செலவழிக்கும் முறையின் தொடக்கக் காலப் பதிவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் பேரினமான கலஞ்சோயில் இதயத்தைத் தாக்கும் பியூஃபாடைனோலைடு சேர்மங்கள் இருக்கின்றன. சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முகம் தெரிந்த செடியென்று கிள்ளித் தின்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாத செடி ஒன்றிரண்டு இருக்கவே செய்யும். இரண்டு மூன்று கணுக்களோடு, பூவிருந்தால் பூவோடும், ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டுங்கள். 1853-இல் ஹியூ கிளெக்ஹார்ன் தொடங்கி, இன்று கோயம்புத்தூரில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தின் மாதிரிகளும் இப்படி அழுத்திக் காயவைத்தவைதான். தொட்டியில் சீட்டு வைக்கும்போது பென்சிலால் எழுதுங்கள். சித்திரை வெயிலில் பேனா மை வெளுத்துவிடும். பெயர்களும் மாறுகின்றன. ஸ்நேக் பிளான்ட் நெடுங்காலம் சான்செவியெரியாவாக இருந்தது, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு டிரசீனாவில் சேர்க்கப்பட்டுவிட்டது. குடும்பம் மட்டும் தெரிந்தால் குடும்பத்தை எழுதுங்கள், கூடவே எங்கிருந்து, எந்த மாதம் வந்தது என்பதையும். பூக்கும்போது மிச்சத்தை நிரப்பிக்கொள்ளலாம்.