ஹைப்ரிட் கார் பெட்ரோலை எப்படி மிச்சப்படுத்துகிறது?

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது ஹைப்ரிட் கார். சாதாரண ஹைப்ரிட் காரை யாரும் சார்ஜ் செய்வதில்லை. அதன் பேட்டரியில் சேரும் மின்சாரமும் டேங்கில் ஊற்றிய பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. பிறகு மிச்சம் எங்கே?

இன்ஜினின் குணத்தில் இருக்கிறது விடை. நல்ல சுமையோடு மிதமான வேகத்தில் சுழன்றால் பெட்ரோல் இன்ஜின் சிக்கனமாக உழைக்கும். நெரிசலில் ஊர்ந்தாலும் சிக்னலில் நின்றாலும் வீணடிக்கும். அந்த வேளைகளில் இன்ஜினை நிறுத்திவிட்டு மின்மோட்டாரை ஓட வைக்கிறார்கள். பிரேக் பிடித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராகி, வெப்பமாகப் போகவிருந்த ஆற்றலில் ஒரு பங்கைப் பேட்டரிக்கு அனுப்புகிறது.

யோசனை பழையது. பெட்ரோல் இன்ஜினால் மின்சாரம் உண்டாக்கி, சக்கரக் குடத்திலேயே பொருத்திய மோட்டார்களால் ஓடும் காரை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே செய்துவிட்டார். ஆனால் பேட்டரியின் எடை தாங்க முடியாததாக இருந்தது. ஹைப்ரிட் கார் பெருமளவில் தயாராக 1997 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் டொயோட்டாவின் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

பிரியஸின் உயிர்நாடி என்று நான் கருதுவது பேட்டரியை அல்ல, கையகலப் பற்சக்கரத் தொகுதி ஒன்றைத்தான். நடுவில் இருக்கும் சக்கரம் ஜெனரேட்டரோடு இணைந்திருக்கிறது. வெளியே, உட்புறம் பல் வெட்டிய வளையம். அது மோட்டாரோடும் காரின் சக்கரங்களோடும் சேர்கிறது. இரண்டுக்கும் இடையே சுற்றிவரும் சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை இன்ஜின் சுழற்றுகிறது. நடுச்சக்கரத்தில் 30 பற்கள், வளையத்தில் 78. ஆகவே இன்ஜினின் முறுக்குவிசையில் (சுழற்றும் பலத்தில்) சுமார் 72 சதவீதம் எப்போதும் வளையத்துக்கும், மீதி ஜெனரேட்டருக்கும் போகிறது. இந்த விகிதம் மாறாது. சுழலும் வேகங்கள் மட்டும் மாறும். கார் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இன்ஜினை அதற்கு உகந்த வேகத்தில் நிறுத்தலாம். கிளட்ச் இல்லை, மாற்றிப் போடும் கியர்கள் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. இத்தனை எளிமையில் இவ்வளவு வேலை நடப்பது இன்றும் எனக்கு வியப்புதான்!

மோட்டார் துணை நிற்பதால் இன்ஜினையே வேறு விதமாக அமைக்க முடிந்தது. அட்கின்சன் சுழற்சி எனப்படும் அந்த முறையில், உள்ளிழுப்பு வால்வு தாமதமாக மூடுகிறது. எரிந்த வாயு, அமுக்கப்பட்டதைவிட அதிகமாக விரிந்து கூடுதல் வேலை தருகிறது. இன்ஜினின் இழுக்கும் பலம் குறையும், அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது.

நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, இன்ஜினும் நல்ல சுமையிலேயே இருக்கும். அங்கே ஹைப்ரிட்டின் ஆதாயம் சுருங்குகிறது. எஞ்சுவது பெரும்பாலும் அட்கின்சன் இன்ஜினின் சிக்கனம்தான்.