ஆப்பிள் பச்சை, செங்கல் சிவப்பு, கண் மருத்துவர்

கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு பாவை விரியும்வரை காத்திருப்பவர்களுக்குப் படிக்கவும் முடியாது, கைபேசியைப் பார்க்கவும் முடியாது. எனவே பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. அதிலும் பெரிதும் சிரிப்பு மூட்டுபவை கணக்கு வகுப்பிலும் வேதியியல் ஆய்வகத்திலும் நடந்தவையே. அடி வாங்கிய கதையைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் மக்கு, கவனமில்லாதவன், காப்பியடிப்பவன் என்றெல்லாம் பெயர் வாங்கிய அந்த மாணவர்களுள் சிலருக்குக் குறை இருந்தது பார்வையில் என்பது, கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒருவர் தம் பெஞ்சின் கதையைச் சொன்னார். அவருக்குக் கரும்பலகை தெரியாது என்பதால் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதுவார். பக்கத்தில் இருப்பவனோ அதற்கும் அடுத்தவனைப் பார்த்து எழுதுவான். கோடியில் இருந்தவன் ஒருநாள் எக்ஸின் தலைமேல் இருந்த 2-ஐக் காணாமல் விட்டுவிட, இருபடிச் சமன்பாடு ஒருபடிச் சமன்பாடாகி, வகுப்பிலேயே முதலாவதாகக் கணக்கை முடித்த பெஞ்சு என்ற பெருமை அவர்களுக்குக் கிடைத்தது. ஆசிரியர் நோட்டுகளை வாங்கிப் பார்க்கும்வரைதான் அந்தப் பெருமை நிலைத்தது. பிறகு ஐந்து பேரும் வகுப்புக்கு வெளியே நின்றார்கள். இன்னொரு பெண்மணி, பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கியதால், "என்னையே முறைக்கிறாயா?" என்று கணக்கு ஆசிரியையிடம் ஓராண்டு முழுவதும் திட்டு வாங்கியவர். இமைகளைச் சுருக்கும்போது இடைவெளி குறுகி, சிதறி விழும் கதிர்கள் தடுக்கப்படுவதால் பிம்பம் சற்றே தெளிவாகிறது. ஊசித்துளைக் காமிரா வேலை செய்வதும் இதே விதிப்படிதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் பத்தாம் வகுப்பு இயற்பியலில் இருக்கிறது. கிட்டப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுகிறது, அதைக் குழிலென்சால் சரிசெய்யலாம் என்று படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய ஒருவருக்கு, அந்தப் படத்தை ஆசிரியர் பலகையில் வரைந்தபோது ஒரு கோடுகூடத் தெரியவில்லை. மைனஸ் 2 டையாப்டர் (லென்சின் பவரை அளக்கும் அலகு) குறை என்றால் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் எல்லை 1-ஐ 2-ஆல் வகுத்த அளவு, அதாவது அரை மீட்டர். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் மங்கல். கரும்பலகையோ பல மீட்டர் தொலைவில் இருக்கும். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பவர் கூடுவது வளரும் வயதில் கண்கோளம் நீள்வதால்தான். 1 மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ 2.5 டையாப்டர் கூடும். கண்ணாடிக்கு அதில் பங்கில்லை.

கிட்டப்பார்வையாவது என்றாவது ஒருநாள் பிடிபட்டுவிடும்; சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத நிறப்பார்வைக் குறை பெரும்பாலும் ஆய்வகத்தில் அவமானப்பட்ட பிறகும் பிடிபடுவதில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக் குடுவையில் நிலையான இளஞ்சிவப்பு வந்தவுடன் பியூரெட்டை, அதாவது சொட்டு விடும் அளவுக்குழாயை, மூட வேண்டும். அந்த வெளிறிய நிறம் சிலருக்குச் சாம்பல் போலவே தெரியும் என்பதால், குடுவை முழுவதும் கருஞ்சிவப்பாகும்வரை விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு வங்கி அதிகாரி, நிறம் மாறியதும் இருமிக் காட்டும்படி நண்பனிடம் ஏற்பாடு செய்திருந்தாராம். தேர்வு நாளில் நண்பனுக்கு உண்மையிலேயே சளி.

கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் கதைகள் இன்னும் மோசம். சுடர்ச் சோதனையில் கால்சியம் செங்கல் சிவப்பைத் தரும், பேரியம் ஆப்பிள் பச்சையைத் தரும். இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்த ஒரு மாணவர் கால்சியத்துக்கு ஆப்பிள் நிறம் என்று சொல்லியிருக்கிறார். "ஆப்பிள் என்ன நிறமப்பா?" என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டர்னல் கேட்க, "சிவப்புதானே சார்" என்று இவர் பதில் சொல்ல, அவரால் மறுத்துப் பேச முடியவில்லையாம்.

இவர்களுக்கெல்லாம் நான் டால்டனை நினைவூட்டுவேன். அணுக்கொள்கைக்காக நாம் மனப்பாடம் செய்த அதே ஜான் டால்டன்தான், தமக்கும் தம் சகோதரருக்கும் நிறங்கள் பிறரைப்போல் தெரிவதில்லை என்று 1794-இல் மான்செஸ்டரில் கட்டுரை வாசித்தவர். பகலில் தமக்கு வானநீலமாகத் தெரிந்த ஜெரேனியம் பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, இறந்தபின் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-இல் சோதித்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த கண்ணின் துணுக்கை 1995-இல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று தெரியவந்தது.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்பிள்ளைகளிடமே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100-க்கு ஏறத்தாழ 8 பேருக்கு உண்டு, இந்திய ஆண்களிடம் அதைவிடக் குறைவு. மகனுக்கு இது தாய்வழியில்தான் வருகிறது என்பதால், சீர் கொண்டுவரும் தாய்மாமன் அரக்குப் புடவை என்று சொல்லிப் பச்சையை எடுத்து வந்த கதை குடும்பத்தில் இருந்தால், மருமகனின் கண்ணையும் பார்த்துவிடுவது நல்லது. ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு இதைச் சில நிமிடங்களில் கண்டறியலாம். பரம்பரையாக வரும் இக்குறைக்கு மருந்தில்லை. நிறக் கண்ணாடிகள் சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டலாமே தவிர, இயல்பான நிறப்பார்வையைத் தருவதில்லை. ஆய்வகத்தில் குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு ஒன்றை வைப்பதும், நிறத்தைச் சொல்ல ஒரு துணையை ஆசிரியரே வெளிப்படையாக அனுமதிப்பதும் உதவும்.

இந்த நிறப்பார்வைச் சோதனையைப் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்கு மிதமான நிறக்குறை தடையாகாதபடி 2020-இல் விதியைத் திருத்தினார்கள். ரயில் ஓட்டுநர் பணிக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுத்துத் தேர்வில் வென்று, மருத்துவப் பரிசோதனையில்தான் முதன்முதலாக இஷிஹாரா புத்தகத்தைப் பார்க்கும் இளைஞர்கள் அங்கிருந்து நேராக என்னிடம் வந்து, வேறு ஏதாவது சான்றிதழ் தர முடியுமா என்று கேட்கிறார்கள்.