ஓ.சி.ஐ. இரட்டைக் குடியுரிமை அல்ல

கேரளத்தில், புனலூரிலிருந்து குளத்துப்புழை போகிற வழியில் ஒரு டிராவல்ஸ் கடை வாசலில் ரொம்ப நாளாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. மேலே மலையாளத்தில் ‘இரட்ட பௌரத்வம்’. கீழே நம் தமிழில், ‘இரட்டைக் குடியுரிமை எடுத்துத் தரப்படும்’. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘ஓ.சி.ஐ.’, அதாவது ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’. பெரும்பாலும் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வழியினருக்கு இந்திய அரசு கொடுக்கிற அட்டை அது. அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சிச் செய்தியில் ‘ஓ.சி.ஐ. எனப்படும் இரட்டைக் குடியுரிமை’ என்றுதான் வாசிக்கிறார்கள். நாளிதழிலும் அப்படியே வருகிறது. கேட்டுக் கேட்டு, எங்கள் பக்கத்தில் மகளோ மருமகனோ அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற வீடுகளில் எல்லாம் இந்தச் சொல் ஊறிவிட்டது.

இது தவறான சொல். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

முதலில் சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘குடி’ பழைய சொல். வீடு, குடும்பம், குலம், ஓர் அரசின் கீழ் வாழும் மக்கள் என்று அதன் பொருள் விரிந்தது. ‘படைகுடி கூழமைச்சு’ என்று வள்ளுவர் அடுக்கும்போது குடி என்பது நாட்டு மக்கள். அவரே ‘குடிமை’ என்று ஓர் அதிகாரம் வைக்கும்போது அது நற்குடிப் பிறப்பு. இதனோடு உரிமையைச் சேர்த்தால் குடியுரிமை. ஒரு நாட்டின் மக்களில் ஒருவர் என்று அந்த நாடே ஒப்புக்கொண்ட நிலை அது. மலையாளத்தில் இதற்குப் ‘பௌரத்வம்’, இலங்கைத் தமிழில் ‘பிரஜாவுரிமை’. முன்னது முழுதும் வடசொல், பின்னதில் முன்பாதி வடசொல். குடியுரிமை என்ற சொல்லே போதும், தெளிவாகவும் இருக்கிறது.

ஆனால் ‘பிரஜாவுரிமை’யை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து வந்தவை. 1948இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. எங்கள் பெரியவர்கள் ‘பிரஜாவுரிமை’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. எந்த நாடு உன்னைத் தன் ஆள் என்கிறது என்ற கேள்வியில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இவை. குடியுரிமை என்ற சொல்லைக் கடைச் சரக்குபோல எடுத்துத் தருவதாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இல் வந்தது. அதன் 9ஆம் பிரிவு சொல்வது இது: இந்தியக் குடிமகன் ஒருவர் தானாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அத்தோடு அவர் இந்தியக் குடிமகன் அல்லாமல் போகிறார். யாரும் வந்து பறிக்க வேண்டியதில்லை, எந்த ஆணையும் வர வேண்டியதில்லை. அமெரிக்காவில் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றைக்கே அது போய்விட்டது. கையில் இருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் சில வருடம் மிச்சம் இருக்கலாம். அது வெறும் அச்சிட்ட தேதி. அதை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்து மறுபடி பயணம் செய்தால் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

அப்புறம் ஓ.சி.ஐ. என்பது என்ன? 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி 7ஏ முதல் சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். 2005இல் அதை விரித்தார்கள். அந்தத் திட்டம் பேச்சில் இருந்த காலத்தில் அரசியல் மேடைகளில் அதை ‘இரட்டைக் குடியுரிமை’ என்றுதான் சொன்னார்கள். 2003 ஜனவரியில் பிரதமர் வாஜ்பாய் அறிவித்ததும் அந்தப் பெயரில்தான். சட்டமாக வந்தபோது மேடையில் சொன்னது வரவில்லை, வேறொன்று வந்தது. ஆனால் பழைய பெயர் செய்தித்தாளில் தங்கிவிட்டது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க முடியாது. விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், அப்பா விட்டுப்போன ரப்பர்த் தோட்டம் வாரிசாக வரலாம், பக்கத்துத் தோட்டத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் விசா எடுக்காமல் வந்து போகலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம். 2015இல் சட்டத்தையே திருத்தி, அந்தப் பெயரோடு ‘அட்டைதாரர்’ என்ற சொல்லை ஒட்டவைத்தார்கள். இது ஓர் அட்டை என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. நாம் மட்டும் இன்னும் குடியுரிமை என்கிறோம்.

பெயர்தானே, அதனால் என்ன வந்தது என்பவர்களுக்கு எங்கள் சொந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தி மகள் அமெரிக்காவில் நர்ஸ். குடியுரிமை வாங்கினாள், அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் எடுத்தாள். ஓ.சி.ஐ.க்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஊரில் ஒரு சாவு, உடனே கிளம்ப வேண்டும். போனில் சித்தி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “அதான் ரெட்டைக் குடியுரிமை உண்டுங்கிறாங்களே புள்ள, எந்தப் பாஸ்போர்ட்டுல வந்தா என்ன? பழசுதான் கையில இருக்கே, வா.” வந்துவிட்டாள். பழைய பாஸ்போர்ட்டில் திருவனந்தபுரத்தில் இறங்கியும்விட்டாள். திரும்பும்போதுதான் சிக்கல். விமானக் கம்பெனிக் கவுண்டரில் “அமெரிக்காவுக்கு விசா எங்கே, கிரீன் கார்டு எங்கே?” என்றார்கள். கிரீன் கார்டை உறுதிமொழி எடுத்த நாளிலேயே திருப்பி வாங்கிக்கொண்டு விடுவார்கள். வேறு வழியில்லாமல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்தாள். அதில் இந்திய விசாவும் இல்லை, ஓ.சி.ஐ.யும் இல்லை. குடிநுழைவு அதிகாரி இரண்டு புத்தகத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விமானம் போய்விட்டது. பிறகு விளக்கம் எழுதிக் கொடுத்ததும் அபராதம் கட்டியதும் தனிக் கதை. சித்தியை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவள் செய்தியில் கேட்ட சொல்லை நம்பினாள்.

நிஜமாகவே இரண்டு நாட்டுக் குடியுரிமை வைத்துக்கொள்ள முடிகிற நாடுகள் உண்டு. இலங்கையில் 1987க்குப் பிறகு, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கனடாவில் இருந்துகொண்டு ‘இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துட்டன்’ என்றால் அவர் சொல்வது சரி. அந்தச் செய்தியைப் படித்து, நமக்கும் அப்படித்தான் என்று இங்கே நினைத்துக்கொள்வதுதான் வம்பு. அப்படி இரண்டும் வைத்திருப்பவர்களுக்கும் விதி எளிது அல்ல. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், வேறெந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும், அமெரிக்காவை விட்டுக் கிளம்பவும் உள்ளே வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அது அங்கே சட்டம். கனடாவுக்கு விமானம் ஏற, கனடியக் குடிமகனிடம் கனடியப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்பது, அமெரிக்கக் குடியுரிமையும் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, 2016 நவம்பரிலிருந்து கண்டிப்பாகிவிட்டது. ஒவ்வொரு நாடும் ‘என் வாசலில் நீ என் ஆள் மட்டும்தான்’ என்றே பார்க்கிறது.

இங்கேதான் ‘இரட்டை’ என்ற சொல்லின் மீதே எனக்குள்ள குறை வருகிறது. இரட்டைப் பிள்ளை, இரட்டை வாழைப்பழம், இரட்டைக் கிளவி என்று நாம் சொல்வதையெல்லாம் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய இணையைத்தான் தமிழ் இரட்டை என்கிறது. இரட்டைக் கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். இரு நாட்டுக் குடியுரிமை அதற்கு நேர் எதிர். இரண்டும் தனித்தனி. ஒன்று இருப்பதை மற்றது கண்டுகொள்வதே இல்லை. ‘இரட்டைக் குடியுரிமை’ என்றவுடன் ஏதோ சாதாரணக் குடியுரிமைக்கு மேலே இருக்கிற, பெரிய, ஒரே பொருள் என்ற நினைப்பு வருகிறது. ‘எடுத்துத் தரப்படும்’ என்று எழுதத் தோன்றுவதும் அதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. குடிமையியல் பாடத்தில் ‘இரட்டைக் குடியுரிமை’க்கு ஏற்கெனவே வேறு பொருள் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் நாட்டின் குடிமகன், தன் மாநிலத்தின் குடிமகனும்கூட. அந்த அமைப்பை இரட்டைக் குடியுரிமை என்றும், இந்தியாவில் இருப்பதை ஒற்றைக் குடியுரிமை என்றும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது நன்றாகவே புரியும். செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான். மாநிலம் மாறியபோது யாருடைய குடியுரிமையும் மாறவில்லை. ஆரியங்காவு தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம், ஆனாலும் கேரளக் குடியுரிமை, தமிழ்நாட்டுக் குடியுரிமை என்று எதுவும் இல்லை. ஒரே சொல்லை மாநில விஷயத்துக்கும் வெளிநாட்டு விஷயத்துக்கும் வைத்தால், பத்தாம் வகுப்புப் பையன் குழம்பத்தான் செய்வான்.

ஆகவே, உண்மையில் அப்படி ஒன்று இருக்கிற இடத்தில் ‘இருநாட்டுக் குடியுரிமை’ என்று எழுதுவோம். இந்தச் சொல்லில் ஒரு நன்மை இருக்கிறது. கேட்டவுடன் “எந்த இரண்டு நாடு?” என்று அடுத்த கேள்வி வந்துவிடும். பதிலில் இந்தியா என்று வந்தால் அங்கேயே தவறு பிடிபட்டுவிடும். ‘இரட்டை’ அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை.

ஓ.சி.ஐ.க்குத் தமிழ் என்ன என்பது அடுத்தது. ‘கடல்கடந்த இந்தியக் குடிமகன்’, ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ என்று இரண்டு மொழிபெயர்ப்புகள் உலவுகின்றன. மூலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை. கடல் கடந்து போயும் இந்தியக் குடிமகனாக இருப்பவர் யார்? துபாயில் வெல்டிங் வேலை பார்க்கிற நம் பையன். அவனிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தால், தேர்தலன்று நேரில் வந்து ஓட்டும் போடலாம். இந்த இரண்டு பெயரும் அவனுக்குத்தான் அச்சாகப் பொருந்துகின்றன. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் குடிமகன் இல்லை. வெளிநாட்டில்தான் வாழ வேண்டும் என்பதும் இல்லை, ஓய்வுக்குப் பிறகு குளத்துப்புழையிலேயே வீடு வாங்கி இருந்துவிடலாம். ஆக ‘வெளிநாடுவாழ்’ என்பதும் கட்டாயம் இல்லை, ‘குடிமகன்’ என்பதும் உண்மை இல்லை. மொழிபெயர்ப்பாளர் சட்டத்தை ஒரு பக்கம் புரட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

‘இந்திய வழியினர் அட்டை’ என்று வைக்கலாமா என்று நானும் யோசித்ததுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டவருக்கும் இந்த அட்டை உண்டு, அவர் எந்த வழியினர்? அதனால் அதையும் விட்டேன். அந்த அட்டை செய்கிற வேலையைச் சொல்வதே நல்லது. ‘வாழ்நாள் நுழைவிசைவு அட்டை’ என்பது என் பரிந்துரை. நுழைவுரிமை என்று போடாமல் நுழைவிசைவு என்று போட்டதற்குக் காரணம் உண்டு. இந்த அட்டையைச் சில காரணங்களுக்காக ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ரத்து செய்யக்கூடியதை உரிமை என்பதைவிட இசைவு என்பதுதான் நேர்மை. பேச்சில் நீளம் என்று தோன்றினால் ஓ.சி.ஐ. அட்டை என்றே சொல்லலாம். பிறமொழிச் சுருக்கம் என்றாலும் அது பொய் சொல்லவில்லை. தவறான தூய தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

இதே குழப்பம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கிரீன் கார்டை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதாத நாளிதழைத் தேட வேண்டியிருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் அமெரிக்கக் குடிமகனே இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டில் போய்வருகிற இந்தியர். அது ‘நிரந்தர வசிப்புரிமை’. ஈழத்தவர் ‘நிரந்தர வதிவிட உரிமை’ என்று சரியாக எழுதுகிறார்கள். இன்னும் மோசம், உறுதிமொழிக்குப் பிறகு கொடுக்கிற சான்றிதழைக் கணினி மொழிபெயர்ப்பு ‘இயற்கைமயமாக்கல் சான்றிதழ்’ ஆக்கிவிடுகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே போடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘நேச்சுரலைசேஷன்’. அதன் லத்தீன் வேருக்குப் ‘பிறப்பு’ என்று பொருள். வெளியிலிருந்து வந்தவரை அந்த மண்ணில் பிறந்தவருக்குச் சமமாக ஏற்பதைத்தான் அது சொல்கிறது. மரம் செடிக்கு அங்கே வேலை இல்லை. ‘குடியுரிமை ஏற்புச் சான்றிதழ்’ என்றால் யாருக்கும் புரியும்.

நல்ல சொல் செய்ய நமக்குத் தெரியாமல் இல்லை. ‘கடவுச்சீட்டு’ இருக்கிறதே. கடவு என்றால் வழி, கடக்கும் இடம். எங்கள் பக்கம் ஆற்றில் இறங்குகிற துறைக்கும் கடவு என்றுதான் பெயர், குளத்துப்புழை சாஸ்தா கோயிலில் மீனூட்டு நடப்பதும் கடவில்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டியிருக்கிற இடத்தின் பெயரே வள்ளக்கடவு. கடப்பதற்குக் கொடுக்கிற சீட்டு கடவுச்சீட்டு. மலையாளிக்கும் விளக்க வேண்டாம், தமிழருக்கும் விளக்க வேண்டாம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் ஊருக்கு வரும்போது செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், பெற்றோர்கள் போனில் அப்படியே படித்துச் சொல்லலாம். முதலில் அமெரிக்கக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வருவதற்குள் அவசரம் என்றால் அமெரிக்கக் கடவுச்சீட்டில் இந்திய விசா எடுத்து வர வேண்டும். ஓ.சி.ஐ. வந்த பிறகும் அதை மட்டும் வைத்துப் பயணம் செய்ய முடியாது, அமெரிக்கக் கடவுச்சீட்டும் கூடவே வேண்டும். எந்தப் படிவத்திலாவது ‘குடியுரிமை’ என்று ஒரு கட்டம் வந்தால், அதில் எழுத வேண்டிய நாட்டின் பெயர் ஒன்றே ஒன்றுதான். அது இந்தியா அல்ல.