டைஜஸ்டேட் உரம்: டேங்கர் இறக்கும் முன் கேட்க வேண்டியவை

"எல்லாம் சான்று பெற்றதுதான்" என்ற வாய்வார்த்தையை நம்பி உரத்தை இறக்கிக்கொண்டு, பிறகு மாட்டை மேய விட முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் பண்ணை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உணவுக் கழிவையும் சாணத்தையும் காற்றுப்புகாத கலனில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் குழம்புதான் டைஜஸ்டேட். கலனின் 35–40 டிகிரிச் சூடு நோய்க்கிருமிகளை ஒழிக்கப் போதாது. விலங்குக் கழிவு (சாணம் அல்ல, இறைச்சி மிச்சம், சமையலறைக் கழிவு போன்றவை) சேர்ந்தால், 12 மில்லிமீட்டருக்கு மிகாமல் நறுக்கி, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்குவது வழக்கமான விதி. அதற்கும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. கால்நடையை முடக்கிக் கொல்லும் பொட்டுலிசம் நோயின் கிருமி அந்த ரகம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, தெளித்தபின் கால்நடையை மேய விடாமல் காத்திருக்க வேண்டிய காலத்தில். வெறும் சாணத்துக்கு இந்தத் தடை கிடையாது என்பதால், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். விலங்குக் கழிவு கலந்த டைஜஸ்டேட் தெளித்த நிலத்தில் ஆடுமாடுகளுக்குக் குறைந்தது 21 நாள் அனுமதி இல்லை. பன்றிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். சரி, புல்லை அறுத்துக் கொட்டகையில் போடலாமே? அதுவும் கூடாது, அறுப்புக்கும் அதே காத்திருப்புதான். கடைசி லோடு தெளித்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

அடுத்தது சான்று. பாஸ் 110 (PAS 110, டைஜஸ்டேட்டுக்கான பிரிட்டன் தர அளவுகோல்) தரச்சான்று இல்லாத டைஜஸ்டேட் பொதுவாகச் சட்டப்படி உரமல்ல, கழிவு. அதை நிலத்தில் பரப்ப அனுமதி வேண்டும். கால்நடை நோய் விதிக்கு ஓர் அலுவலகம் (APHA), கழிவு அனுமதிக்கு இன்னோர் அலுவலகம் (Environment Agency). இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அதற்குள் தெளிக்கும் பருவம் போய்விடும். அதனால் தொலைபேசியில் அலையாமல், கேள்வியை மின்னஞ்சலில் இரண்டு இடத்துக்கும் ஒன்றாக அனுப்புங்கள். பதில் எழுத்தில் இருந்தால்தான் பின்னால் உதவும்.

விற்பவரிடம் நடப்புச் சான்றின் நகல், மூலப்பொருள் பட்டியல், அந்தத் தொகுதியின் சால்மொனெல்லா சோதனை முடிவு மூன்றையும் கேளுங்கள். 25 கிராம் மாதிரியில் சால்மொனெல்லா இருக்கவே கூடாது. பழைய தேதிச் சான்றை நீட்டினால் டேங்கரைத் திருப்பி அனுப்புங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். அதே டேங்கர் முந்தின நாள் வேறு பண்ணையின் பச்சைச் சாணக் குழம்பை ஏற்றியதா என்றும் விசாரியுங்கள். உங்கள் சாணத் தொட்டியிலேயே இதைக் கொட்டிக் கலந்துவிட்டால், சூடாக்கியதன் பலன் அத்தோடு போச்சு.

பச்சையாக உண்ணும் காய்கறி போடுபவர்கள், வாங்கும் நிறுவனத்தின் நிபந்தனையை விதைப்புக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். அது பெரும்பாலும் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு வையுங்கள்: எந்த வயல், எவ்வளவு, எந்தத் தேதி, கால்நடை முதலில் இறங்கிய நாள் எது. இரண்டு ஆண்டுகளுக்கு அதைத் தூக்கிப் போடாதீர்கள்.