காற்றடைத்த கயாக்கை ஆற்றில் இறக்கும் முன்

இந்த ஆடியிலும் அரசலாற்று மதகு ஒன்றின் வாயிலிருந்து இரண்டு பையன்களை இழுத்துப் போட்டோம். இருவரும் பிழைத்தார்கள். கரையில் உட்கார்ந்து குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்து முடித்ததும் மூத்தவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "படகு மூழ்காதுன்னுதான்ண்ணே போட்டிருந்துச்சு."

தீயணைப்பு மீட்புப் பணியில் இருக்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் எங்கள் நிலையத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. குளிக்க இறங்கியவர், மாட்டை ஓட்டிப் போனவர், படித்துறையில் செல்ஃபி எடுத்தவர் என்று வழக்கமாக வரும் அழைப்புகளில் இப்போது காற்றடைத்த கயாக்கும் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) சேர்ந்துவிட்டது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் மூன்றாம் நாள் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி. நான்காம் நாள் ஆற்றில். நடுவில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நல்ல பொருள்தான். மடித்து டூவீலரில் கட்டிக்கொண்டு போகலாம், பத்து பதினைந்தாயிரத்தில் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீரோடு பழக்கம் வரும். ஆனால் "மூழ்காது" என்ற பேச்சை முதலில் முடித்தாக வேண்டும். மற்ற எல்லாத் தப்பும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

படகு மூழ்காது, உண்மைதான். இரண்டு பக்கமும் தளமும் தனித்தனிக் காற்றறைகள். ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். ஆளில்லாமல் விட்டால் காரைக்கால் வரைக்கும்கூட மிதந்து போகும். ஆளைத் தேடி நாங்கள் ஆற்றில் இறங்கும் நாட்களில் படகுதான் முதலில் கிடைக்கிறது. கீழே எங்காவது நாணலில் ஒதுங்கிக் கிடக்கும், காற்று கொஞ்சமும் குறையாமல். அதில் போனவரைத் தேட மறுநாளும் ஆகும், அதற்கு மறுநாளும் ஆகும். படகு மிதப்பதற்கும் நீங்கள் மிதப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் "கவுந்தா புடிச்சிக்கலாம் சார்" என்கிறார்கள். கவிழ்ந்த படகு எடையில்லாதது. உங்களைவிட வேகமாகப் போகும். வழுக்கும் பி.வி.சி.யில் பிடிப்பதற்கு ஓரத்து நைலான் கயிறு ஒன்றுதான் உண்டு. தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டிருக்கும்போது அந்தக் கயிறு கைக்கு எட்டினால் அதிர்ஷ்டம்.

எடையில்லாததால் இன்னொரு தொல்லையும் உண்டு. நாட்டுப்படகு தண்ணீருக்குள் கொஞ்சம் அமிழ்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். இது மேலேயே உட்கார்ந்திருக்கும். காற்றடித்தால் காற்றோடு போகும், ஓட்டம் இழுத்தால் ஓட்டத்தோடு போகும். புதிதாகத் துடுப்புப் போடுபவர் மணிக்கு நாலு கிலோமீட்டர் போனாலே பெரிது. ஆறு நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் கணக்குக்கு மணிக்கு 3.6 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தைக் கரையில் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். எதிர்த்து வலித்துப் பாருங்கள், இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். கை சோர்ந்தால் கீழே போவீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும், அப்போது துடுப்பெல்லாம் ஒன்றுக்கும் உதவாது.

கீழே என்ன இருக்கிறது? டெல்டாவில் எந்த ஆற்றில் கீழே போனாலும் ஏதாவது ஒரு மதகு இருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்துகொண்டே போகிறது. பிரிகிற இடத்துக்கு இடம் ஷட்டர், தண்ணீரைத் தடுத்துவிடும் இரும்புக் கதவு. ரீல்ஸில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு ஏரியில் இது கிடையாது. இங்கே உண்டு.

ஷட்டருக்கு மேல்பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். ஓட்டம் முழுவதும் அடியில், தூக்கிய ஷட்டருக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் பாய்கிறது. படகு ஷட்டரில் பக்கவாட்டாகப் போய் ஒட்டும். ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பைத் தண்ணீர் அமுக்கும், படகு புரளும், ஆள் அடியில் போவார். அந்த வாயிலிருந்து ஒருவரை எடுக்க, ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரான லஸ்கரைத் தேடிப் பிடித்து ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டுத்தான் நாங்களே நெருங்குவோம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதை இங்கே மறந்தவர் இருக்க மாட்டார். இரும்பையே நிற்க விடாத தண்ணீர் அது.

ஆற்றின் குறுக்கே தாழ்வாகச் சுவர்போலக் கட்டிய படுகை அணைகளும் தடுப்பணைகளும் இதைவிட மோசம், ஏனென்றால் யாருக்கும் அவற்றின் மேல் பயமே இல்லை. "மூணடி உசரந்தானே, ஜிவ்வுன்னு இறங்கிடலாம்" என்கிறார்கள். விழுந்த தண்ணீரில் ஒரு பகுதி மேலே எழும்பிச் சுவரை நோக்கியே திரும்பி வரும். நம்பாதவர்கள் ஏதாவது ஒரு தடுப்பணையின் பக்கத்துப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அடித்து வந்த தேங்காய்மட்டை சுவரடிக்குப் போகும், முங்கும், நாலடி தள்ளி எழும்பும், மறுபடி சுவரடிக்கே போகும். கீழே போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளும் அங்கே அப்படித்தான் சுற்றுவார். தடுப்பணைக்கு மேலிருந்தும் இறங்காதீர்கள், கீழிருந்தும் அதன் பக்கம் போகாதீர்கள். தூரத்தில் பார்த்ததுமே கரையேறி, படகைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து தாண்டுங்கள். அதற்குத்தானே எடையில்லாத படகு வாங்கினீர்கள்.

ஒரு கெட்ட பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். பாதுகாப்புக்கு என்று சொல்லி இடுப்பிலோ காலிலோ கயிற்றைக் கட்டி மறுமுனையைப் படகில் கட்டுகிறார்கள். படகு பாலத்துத் தூணுக்கு ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமும் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கயிறு விறைக்கும், தண்ணீர் உங்களை அமுக்கும், முடிச்சை அவிழ்க்கக் கை வராது. ஓடும் தண்ணீரில் உடம்பில் கயிறு கட்டவே கூடாது. கட்டியவர் உடம்பிலிருந்து அந்தக் கயிற்றைக் கரையில் வைத்து அறுத்தெடுத்த கைகள் இவை, கேளுங்கள்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் தளமும் சேர்த்துக் குறைந்தது மூன்று தனி அறைகள் இருக்க வேண்டும். ஒரே அறை உள்ளது பிள்ளைகளின் நீச்சல்குள விளையாட்டுச் சாமான், அதை ஆற்றுக்குக் கொண்டுவராதீர்கள். எடை வரம்பைப் பாருங்கள். பலரும் வாங்கும் இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 இரண்டு பேர் படகு, 180 கிலோ என்று போட்டிருக்கும். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் ஏறினாலே 150 ஆகிவிடுகிறது, அதன்மேல் மடியில் ஒரு பிள்ளை, சோற்றுக்கூடை, தண்ணீர்க் கேன். எழுதியிருக்கும் எடையில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். அடியில் செருகும் தகடு கூட வந்திருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் போட்டால் படகு நேராகப் போகாது. அழுத்தம் காட்டும் மீட்டரோடு கைப்பம்ப் வாங்குங்கள்.

பம்ப் என்றதும் பஞ்சர் கடை ஞாபகம் வருகிறது. கம்ப்ரஸரில் காற்றடித்துக்கொண்டு வருகிறார்கள். சாதாரண பி.வி.சி. படகுக்கு ஒரு பி.எஸ்.ஐ. சுமாருக்குத்தான் அழுத்தம் வேண்டும், கார் டயருக்கு முப்பது அடிப்பவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும்? அப்படி அடித்த படகு ஒன்றைக் கரையில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து ஒட்டு விரல் நீளத்துக்கு வெளுத்து, பால் நிறத்தில் கோடு விழுந்திருந்தது. நகத்தை வைத்ததும் பிரிந்துகொண்டது. அந்தப் படகில் ஒரு குடும்பம் ஏற இருந்தது. உள்ளே நூல் பின்னிய ட்ராப் ஸ்டிச் தளம் உள்ளவை கூடுதல் அழுத்தம் தாங்கும், விலையும் கூடுதல். அதற்கும் தாளில் எழுதிய அளவுதான் கணக்கு. முதல்நாளே வீட்டில் காற்றடித்து இரவு முழுக்க நிழலில் போடுங்கள், ஒட்டிலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அடித்த படகை உச்சி வெயிலில் மணல்மேல் விட்டுவிட்டுச் சாப்பிட உட்காராதீர்கள், சூட்டில் காற்று விரிந்து ஒட்டு பிரியும். ஒன்று தண்ணீரில் இருக்கட்டும், இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் படகோடு வராது, தனியாக வாங்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுவளையம், கழுத்தில் போடும் ட்யூப், லாரி ட்யூப் எதுவும் அதற்கு ஈடு கிடையாது. 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று போட்டிருப்பது நீச்சல் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கு உதவி மட்டும்; மயங்கியவர் முகத்தை அது மேலே திருப்பாது. நீச்சல் தெரியாதவர் 100 போட்டதை வாங்குங்கள். போட்டு எல்லாப் பட்டையும் இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு தப்பு. பிள்ளைகளுக்குக் கால் நடுவே வரும் பட்டை கட்டாயம். புழுங்குகிறது என்று கழற்றித் தலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். தினம் தண்ணீரில் கிடக்கும் எங்கள் ஆட்களே ஜாக்கெட் இல்லாமல் ரப்பர் படகில் கால் வைக்க மாட்டார்கள். ஊர்க் குளத்தில் முங்கி மண்ணெடுத்த நீச்சல் வேறு, ஓடுகிற ஆற்றில் சட்டை பேண்ட்டோடு விழுவது வேறு.

எப்போது, எங்கே? மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். அந்த மாதங்களில் ஆறுகளில் முறைவைத்துக் கூட்டியும் குறைத்தும் விடுவார்கள், நேற்றுப் பார்த்த மட்டம் இன்று இருக்காது. மேட்டூரில் கூட்டித் திறந்தது கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். ஆகவே உங்கள் ஊரில் தண்ணீர் குறைவாகத் தெரிகிறதே என்று பார்க்காதீர்கள், மேட்டூரில் மூன்று நாளைக்கு முன்னால் எத்தனை ஆயிரம் கனஅடி விட்டார்கள் என்று செய்தியில் பாருங்கள். ஒரு கனஅடி என்பது நொடிக்கு 28 லிட்டருக்கு மேல். கொள்ளிடத்தில் உபரி வருகிறது என்று தண்டோரா போட்டால் படகைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள். தை முடிந்து, ஓட்டம் நின்று, ஆற்றில் அங்கங்கே தேங்கி நிற்கும்போது பழகுங்கள். அப்போதும் கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் உண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தவர் அடுத்த அடியில் காணாமல் போவார். வாய்க்கால்களில் வெங்காயத்தாமரைக்குள் நுழையாதீர்கள். காட்டாமணக்குக் கட்டையும் கருவேல முள்ளும் தண்ணீருக்கடியில் தெரியாது.

வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம், அங்கே இறக்கக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். முதல்முறை தண்ணீரில் போகிறவர்கள் பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைக்குப் போய், துடுப்புப் போடத் தெரிந்தவரோடு ஒருநாள் போய்வந்துவிட்டு அப்புறம் சொந்தப் படகை யோசியுங்கள். கடல் வேண்டவே வேண்டாம். ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும். தரங்கம்பாடியிலோ வேளாங்கண்ணியிலோ இறக்கினால் நேரே கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும், கரையோரம் அலை சின்னதாக இருப்பதைப் பார்த்து இறங்குவார்கள். மீனவர்கள் பார்த்துவிட்டால் பிழைப்பீர்கள்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் கல்லிடுக்கில் மாட்டும். மல்லாந்து, காலை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, கையால் சாய்வாகக் கரையை நோக்கி வலியுங்கள். படகைப் பிடிக்க முடிந்தால் ஓட்டம் வரும் பக்கமாக இருங்கள், தூணுக்கும் படகுக்கும் நடுவே மாட்டக் கூடாது. முன்னால் மதகோ சுவரோ தெரிந்தால் படகை விட்டுவிடுங்கள், பதினைந்தாயிரம் போகட்டும்.

கரையில் இருப்பவர் தயவுசெய்து குதிக்காதீர்கள். ஒருவரைத் தேடப் போய் இரண்டு பேரை எடுத்திருக்கிறோம். வேட்டியை முறுக்கி எறியுங்கள், மூடிய பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள், மூங்கிலை நீட்டுங்கள். எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றில் அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம், நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் மூச்சு ஊதுங்கள், நெஞ்சை அமுக்குங்கள், 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எங்களை 101இல் கூப்பிடும்போது "ஆத்துல விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல் எந்த ஆறு, எந்த மதகுக்கு மேலே அல்லது கீழே, எந்தக் கரை என்று சொல்லுங்கள். வடகரையில் ஆள் இருக்கும்போது வண்டி தென்கரையில் வந்து நின்றால் பாலம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள், படகை இரவல் கொடுப்பவர்களுக்கு. நாங்கள் எடுப்பவர்களில் பலர் படகின் சொந்தக்காரர்கள் கிடையாது. அக்கா மகன் கேட்டான், பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான் என்று படகை மட்டும் கொடுத்துவிடுகிறீர்கள், ஜாக்கெட் பரணில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். எத்தனை ஜாக்கெட் இருக்கிறதோ அத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதமாக இருந்தால் யார் கேட்டாலும், எத்தனை கோபித்துக்கொண்டாலும், கொடுக்காதீர்கள்.