நாய்க் கயிற்றைச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினாலே கால்நடை மருத்துவரான என்னிடம் இந்த வகைக் கேஸ்கள் வரத் தொடங்கிவிடும். வீட்டில் சும்மாதானே இருக்கிறான், நாயைக் கொஞ்சம் வெளியே கூட்டிப் போகட்டும் என்று கயிற்றைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

சமீபத்தில் ஒரு லேப்ரடாரைக் கொண்டுவந்தார்கள். முன்னங்கால் நகம் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் நாயைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒன்பது வயது மகள் மட்டும் ஓரமாக, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி நின்றாள். காட்டு என்றேன், தயங்கினாள். நீட்டியபோது, கயிறு இறுக்கிய தடம் விரல்களைச் சுற்றிச் சிவந்து கிடந்தது. மோதிர விரல் வீங்கிக் கோணியிருந்தது. பூனை குறுக்கே ஓட, நாய் பாய, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த பிள்ளை தரதரவென்று இழுபட்டிருக்கிறாள். திட்டு விழுமே என்று வாயைத் திறக்கவில்லை. நகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், முதலில் இவளை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்று அனுப்பினேன். போகும்போது அந்த அப்பா சொன்னார்: "ஆனா எங்க நாய் ரொம்ப சாது டாக்டர்."

எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். அந்த நாய் சாது என்பது எனக்கும் தெரியும். ஊசி போட்டாலும் என் கையை நக்குகிற நாய் அது. சாதுவா முரடா என்பது இங்கே கேள்வியே இல்லை. பூனையைக் கண்டால் ஓடுவது கெட்ட குணம் அல்ல, நாயின் இயல்பு. அந்த நொடியில் கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று அது யோசிக்காது. வளர்ந்த லேப்ரடாரின் எடை 25 முதல் 36 கிலோ. எட்டு வயதுப் பிள்ளையும் ஏறக்குறைய 25 கிலோதான். நாய்க்கு நான்கு கால், தரையோடு ஒட்டிய உடம்பு. கயிறு தளர்வாக இருந்தால் அதன் நீளம் முழுக்க ஓடி வேகம் எடுத்த பிறகுதான் அந்த வெட்டி இழுப்பு வரும். பெரியவர்களே குப்புற விழுந்து தோள்பட்டை விலகி நிற்கிறார்கள், பிள்ளை எப்படித் தாங்கும்?

"வீட்டில் இவன் உட்கார் என்றால் உட்காரும்" என்பார்கள். உட்காரும்தான். வீட்டுக்குள் வேறு வேலை என்ன இருக்கிறது அதற்கு? வெளியே ஆயிரம் வாசனை, வண்டிச் சத்தம், எதிரே இன்னொரு நாய். அங்கே அந்தக் குரல் அதன் காதில் ஏறாது. உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் எதிரே வருகிற நாய்க்கு நீங்கள் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் யோசியுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கயிற்றில் கட்டுண்ட நாய், எதிரே உள்ள நாயை எட்ட முடியாமல் துடிக்கும்போது, சட்டென்று திரும்பிப் பக்கத்தில் இருப்பவரின் தொடையையோ கையையோ கடித்துவிடும். வீட்டில் யாரையும் கடிக்காத நாயும் இதைச் செய்யும். அதற்கு முன் உடம்பு விறைக்கும், வாய் மூடும், கண்ணின் வெள்ளை தெரியும். வாலை உயரத் தூக்கி, விறைப்பாகச் சிறிதாக ஆட்டும். வால் ஆடுகிறது, சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் பிள்ளை நினைக்கும். சண்டை மூண்டதும் பிள்ளை செய்வது ஒன்றே: விலக்கிவிடுவதற்காக இரண்டு தலைகளுக்கும் நடுவே கையை விடும்.

சின்ன நாய்தானே என்பவர்களுக்கும் இதே பதில். பொமரேனியனைப் பார்த்துப் பெரிய நாய் ஒன்று ஓடிவந்தால், பிள்ளை அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். வந்த நாய் தாவுவது அந்த உயரத்துக்குத்தான். கடி விழுவது பிள்ளையின் கையிலும் முகத்திலும்.

எந்த வயதில் விடலாம்? பத்து வயதுக்குக் கீழே தனியாக வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் வயதை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, நாய் முழு பலத்தோடு இழுக்கையில் நின்ற இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறானா, எதிரே நாய் வந்தால் தானாகவே பாதை மாறுகிறானா என்று பாருங்கள். பெரிய இனமாக இருந்தால் பதினைந்து, பதினாறு வயது வரை பொறுங்கள் என்பேன்.

பொறுப்பு வரட்டும் என்றுதான் அனுப்புகிறோம் என்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றட்டும், முடி சீவட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து நாயைப் பழக்கும்போது கூட நிற்கட்டும். வெளியே போக ஆசைப்பட்டால் நீங்களும் போங்கள். இரண்டு கயிறு மாட்டுங்கள், நிஜமாகப் பிடிப்பது உங்கள் கையில் இருக்கட்டும், தளர்வானது பிள்ளை கையில். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (கழுத்துப் பட்டைக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள், இழுப்பு குறையும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, இடுப்பில் கட்டக் கூடாது, சைக்கிளில் கட்டவே கூடாது. தானாக நீண்டு சுருளும் கயிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். அந்த மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடும்.

நாய் இழுத்தால் கயிற்றை விட்டுவிடு என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஓடிய நாயைத் தேடிக்கொள்ளலாம். தெரியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கையை உடம்போடு ஒட்டி மரம் போல நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதுகளையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். ஒரு தரம் வாயால் சொன்னால் போதாது, செய்யவைத்துப் பாருங்கள்.

அப்புறம், கடிபட்டால் வீட்டில் வந்து சொல்லும் தைரியத்தைக் கொடுங்கள். அடி விழும், நாயை விரட்டிவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கு (ரேபிஸ்) அடிக்கடி பலியாவது 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். கடியோ, பல் கீறலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். எதையும் பூசாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி போட்ட உங்கள் சொந்த நாய் கடித்தாலும் காட்டத்தான் வேண்டும். தொடர் ஊசிகளை நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஹார்னஸ் வாங்கியவர்கள் அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது அதை மாட்டியே கூட்டி வாருங்கள். பாதிப் பேர் வாங்குவது அளவு பெரிதாக இருக்கிறது, நாய் பின்னால் நகர்ந்தாலே கழன்றுவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கால்நடை மருத்துவராக இருந்தாலும் அங்கேயே சரிசெய்து கொடுப்பார்.