வானத்திலிருந்து விழுந்தது யாருடையது?

ராதாபுரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் உரச் சாக்கோடு என் பாளையங்கோட்டை ஆபீசுக்கு வந்தார். சாக்கில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியும் கிழிந்த பலூனும். முருங்கைத் தோட்டத்தில் கிடந்ததாம். "மகேந்திரகிரி ராக்கெட்டுல உள்ளதா வக்கீல் சார்? கேஸ் போடலாமா?"

வானிலைக்காரர்கள் பலூனில் கட்டிப் பறக்கவிடும் கருவி அது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் இன்ஜினைக் கட்டி வைத்துச் சோதிப்பதோடு சரி, அங்கிருந்து எதுவும் ஏவுவதில்லை.

ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமே விழுந்தது. சீன ராக்கெட்டின் பாகம் என்று கருதப்பட்டது. விண்வெளிப் பொருள்களால் வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று நாடுகள் செய்துகொண்ட 1972ஆம் ஆண்டின் பொறுப்பு ஒப்பந்தப்படி, தரையில் சேதமானால் ஏவிய நாட்டின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த நாடு ஏவிய பொருளால்தான் சேதம் என்று காட்டினால் போதும். அதைக் காட்ட ரேடார், டெலஸ்கோப் பதிவுகள் வேண்டும். இழப்பீடு கேட்பது டெல்லி மத்திய அரசுதான், நீங்களோ நானோ அல்ல. அதற்கும் ஒரு வருடக் கெடு. 1978இல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்து, 1981இல்தான் 30 லட்சம் கனடா டாலருக்குப் பேசி முடித்தார்கள்.

என் கவலை வேறு. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். நாளைக்கு நம் ராக்கெட்டின் துண்டே உவரிக்காரர் வள்ளத்தில் விழுந்தால்? சொந்த நாட்டுக் குடிமக்களுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்கிறது அதன் 7ஆவது பிரிவு. நமக்கென்று தனி விண்வெளிச் சட்டமும் இல்லை. 2023இல் வந்தது கொள்கை மட்டும்தான், அதை வைத்து இழப்பீடு கேட்க முடியாது. ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முழுப் பொறுப்பை, அதாவது ஆபத்தான தொழில் நடத்துபவர் தவறே செய்யாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்பதை, இதற்கும் நீட்டி வாதாடலாம். நான் வாதாடுவேன்.

அப்புறம் சாட்சியம்? துண்டு எங்கே பிரிந்தது, எந்தப் பாதையில் வந்தது என்ற பதிவு இருப்பது இஸ்ரோவின் ரேடாரில், அதாவது எதிர்த்தரப்பின் கையில். தகவல் உரிமையில் கேட்டால் 8(1)(அ) பிரிவைக் காட்டி, நாட்டின் பாதுகாப்பு, அறிவியல் நலன் என்று மறுக்க இடமிருக்கிறது. கிடைத்தாலும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்கள் ஆள்தான். இந்தப் பதிவுகளை பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி, வரப்போகும் விண்வெளிச் சட்டத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை, எதுவும் விழுந்தால் கையால் தொடாதீர்கள். ஹைட்ரசீன் போன்ற நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். பழைய இரும்புக்கடைக்கும் போடாதீர்கள், அது ஏவியவர்களின் சொத்து. போட்டோ எடுத்து, போலீசுக்கும் தாசில்தாருக்கும் சொல்லுங்கள். விழுந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதி வையுங்கள். பின்னால் ரேடார் பதிவோடு ஒத்துப்பார்க்க உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.